இரண்டு ஸ்பானர் வேலை, ஐந்து ஸ்பானர் தப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வைத்து, என் காரின் முன்பக்க பிரேக் பேடுகளை நானே மாற்றினேன். மூணு மணி நேரம் ஆச்சு. வீடியோ பார்த்து, குறிப்பு எடுத்து, கழற்றின போல்ட்டை எல்லாம் பழைய பேப்பர் மேல வரிசையா அடுக்கி வெச்சு, ரொம்ப நிதானமா செஞ்ச வேலை. முடிச்சுட்டு, கையைக் கழுவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் சுவர். பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரை வரைக்கும் போச்சு.

ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் வண்டி நின்றது. அது கேபிள் வழியாகப் பின் சக்கரங்களைப் பிடிக்கிற தனி ஏற்பாடு என்பது அன்றைக்கு என் புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். கண்ணாடியில் பார்த்தால், சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த தன் சைக்கிளை எடுக்க என் பெண் குனிந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு நாலு அடி இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். புது பேடு தடிமனாக இருக்கும். அது உள்ளே போக வேண்டுமென்றால் காலிப்பரில் இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நாலைந்து முறை மிதித்து அந்த இடைவெளியை மூட வேண்டும். பிரேக் வேலை பார்க்கிற எந்தப் பையனும் யோசிக்காமல் செய்கிற காரியம். வீடியோவின் கடைசி அரை நிமிடத்தில் அது இருந்தது. வேலைதான் முடிஞ்சுபோச்சேன்னு நான் பார்க்காமல் விட்ட அரை நிமிடம்.

நான் பி.இ. படித்தவன். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். வண்டியை நானே பார்த்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நாலு அடி என்னை விடவில்லை. வண்டி வைத்திருப்பவர்கள், எதுவரைக்கும் தன் கை, எங்கே நிறுத்தி வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

தொப்பி ஊசியும் செருப்புத் தைப்பவரும்

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29. இரண்டு வருடம் ஆகியும் மக்களுக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தன் பிறந்த ஊரான ஃபோர்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிப் போனார் பெர்த்தா பென்ஸ். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் அந்த வண்டிகள் போனதெல்லாம் சின்னச் சின்ன ஓட்டங்கள்தான்.

இந்தக் கதையைப் பொதுவாக உலகின் முதல் நெடுந்தூர கார் பயணம் என்று சொல்வார்கள். எனக்கு அது முதல் வழித்தட ரிப்பேர் கதை. குடும்பத்தார் சொல்லி வந்த விவரங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துத் தானே அடைப்பை நீக்கினார். பற்றவைப்பு வயரில் காப்பு தேய்ந்துபோனது. காலுறைப் பட்டியை எடுத்துச் சுற்றினார். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், கிடைத்த இடத்திலெல்லாம் நிரப்பினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கினார். அன்றைக்குக் கறை நீக்கப் பயன்பட்ட திரவம் அது. பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

சங்கிலி பழுதானபோது கதை மாறுகிறது. அதை அவர் தொடவில்லை. புரூக்சாலில் ஒரு கொல்லரிடம் கொடுத்தார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிக்காமல் போனது. பவ்ஷ்லோட் என்ற கிராமத்தில் செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டை மேல் தோல் வைத்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங்கின் ஆரம்பமாக இதைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. மேட்டில் வண்டி ஏறவில்லை, பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அது ஊசியாலும் தீராது, கொல்லராலும் தீராது. ஊர் திரும்பி கணவரிடம் சொன்னார். மேடு ஏற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது.

கவனித்துப் பாருங்கள். அன்றைக்குக் கார் மெக்கானிக் என்று ஒரு தொழிலே இல்லை. 'இது நிபுணர் வேலை' என்று ஒதுங்க வழியே இல்லாத ஒருவர், அப்படியும் ஒரு கோடு போட்டிருக்கிறார். குழாய் மறுபடி அடைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் மறுபடி விட்டால் வண்டி நிற்காது. அந்த வேலையைத் தோலைப் பற்றித் தெரிந்தவர் கையில் கொடுத்தார்.

மணிக்கட்டு உடைந்த காலம்

அடுத்த கட்டம் ஃபோர்டின் மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரானது. வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பக்கத்தில் பட்டறை கிடையாது. அதனால் கம்பெனியே கேள்வி-பதில் வடிவில் ஒரு கையேடு கொடுத்தது. உரிமையாளர் தானே பழுது பார்ப்பார் என்பது அந்த வண்டியின் அடிப்படை அனுமானம்.

ஆனால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதே ஆபத்தான வேலை. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் தீப்பொறி நெம்புகோலைப் பின்தள்ளி வைத்துவிட்டு, முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். நெம்புகோலை மறந்தால் என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி மணிக்கட்டை உடைத்துவிடும். முன்கை எலும்பின் மணிக்கட்டு முனையில் ஏற்படும் ஒரு முறிவுக்கு, மருத்துவ நூல்களில் இன்றைக்கும் 'ஷாஃபர் முறிவு' என்று பெயர் இருப்பது அதனால்தான். ஷாஃபர் என்றால் கார் ஓட்டுநர். கட்டை விரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடி, மேல்நோக்கி இழு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியும் கைகள் உடைந்துகொண்டேதான் இருந்தன.

இதை முடித்துவைத்தது பயிற்சி இல்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர். 1912 கேடிலாக் கார்களில் வந்தது. மாடல் டி-க்கு 1919-ல்தான் கிடைத்தது. நாம் இன்றைக்கு 'செல்ஃப் எடுக்கலை' என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த செல்ஃப். ஒரு காரியத்தைச் செய்பவர் ஒரு படியை மறந்தால் எலும்பு உடையும் என்றால், திரும்பத் திரும்ப எச்சரிப்பதை விட அந்தப் படியையே எடுத்துவிடுவது நல்லது. மென்பொருளிலும் இதே பாடம்தான்.

இலங்கையில் பிறந்த ஒரு பையன்

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலகம் முழுக்க வீட்டு வாசலில் கார் ரிப்பேர் செய்பவர்களுக்கு ஹேன்ஸ் கையேடு என்றால் தெரியும். அதை ஆரம்பித்த ஜான் ஹேன்ஸ் பிறந்தது இலங்கையில், 1938-ல். அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர். பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பள்ளியில் ரக்பி விளையாடாமல் தப்பித்து, ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து வேறு உருவத்தில் கட்டினான். அதை எப்படிச் செய்தேன் என்று 1956-ல் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டான். 250 பிரதிகள், பத்தே நாளில் தீர்ந்துபோச்சு.

பிறகு பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். 1965 வாக்கில் ஏடனில் இருந்தபோது, ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் கார் ஒன்றைச் சீர்செய்ய நண்பர் ஒருவருக்கு உதவினார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கம்பெனி கொடுக்கும் கையேடு சாதாரண ஆளுக்காக எழுதப்பட்டதே இல்லை. தெரிந்தவருக்குத் தெரிந்ததை ஞாபகப்படுத்தும் புத்தகம் அது. ஹேன்ஸ் ஒரு கேமரா வாங்கினார். என்ஜினைப் பிரிக்கும்போதும் சேர்க்கும்போதும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். 1966-ல் முதல் கையேடு வெளியானது. 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றன. அதற்கப்புறம் எத்தனையோ கார்கள், 20 கோடிக்கும் மேல் பிரதிகள். எழுதுவதற்கு முன் ஒரு காரை வாங்கி, முழுசாகப் பிரித்து, திரும்பப் பூட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். 2019-ல் அவர் இறந்தார்.

பிற்காலக் கையேடுகளில் ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஸ்பானர் படங்கள். ஒரு ஸ்பானர் என்றால் புதுசாக ஆரம்பிப்பவரும் செய்யலாம். இரண்டு என்றால் கொஞ்சம் கை பழகியவர். மூன்று, தேறிய ஆள். நான்கு, அனுபவஸ்தர். ஐந்து என்றால் தொழில்முறை மெக்கானிக், அல்லது அவருக்குச் சமமானவர்.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். 'உங்களால் முடியும்' என்று சொல்லிப் புத்தகம் விற்பவர், 'இது உங்களால் முடியாமல் போகலாம்' என்றும் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார். இன்றைய வீடியோக்களில் இது பெரும்பாலும் இல்லை. தலைப்பில் எல்லாமே பத்து நிமிட வேலை.

ஸ்பானர் எதை அளக்கிறது?

ஆனால் அந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு. அது எனக்குப் புரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான்.

ஸ்பானர் எண்ணிக்கை அளப்பது கைக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை. தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதை அல்ல. பிரேக் பேடு மாற்றுவது கஷ்டமான வேலையே இல்லை. பல வண்டிகளில் இரண்டு போல்ட், ஒரு காலிப்பர், அவ்வளவுதான். தாராளமாக இரண்டு ஸ்பானர் வேலை. அதில் நான் செய்தது ஐந்து ஸ்பானர் தப்பு.

இதற்கு நேர் எதிரும் உண்டு. டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் பெட்டியை எடுப்பது ரெண்டு நாள் பிடிக்கிற, உயிரை வாங்குகிற வேலை. ஆனால் சொதப்பினால் என்ன? பிளாஸ்டிக் கிளிப் உடையும், ஏதோ ஒன்று கடகடவென்று சத்தம் போடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆக, இரண்டு கேள்விகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதை என்னால் செய்ய முடியுமா? செய்தது தப்பென்றால் அது எனக்கு எப்போது, எங்கே தெரியவரும்? ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டைச் சரியாக முடுக்காவிட்டால் மறுநாள் தரையில் சொட்டு தெரியும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால், ஸ்டார்ட் பண்ணின நிமிஷத்தில் ஆயில் கொட்டும். அசிங்கம், ஆனால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். பிரேக் குழாயில் காற்று இருந்தால், அல்லது ஜாக்கி மேல் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் படுத்தால், தப்பு தெரியவரும் இடமும் விபத்து நடக்கும் இடமும் ஒன்றுதான்.

பெர்த்தா பென்ஸ் ஊசிக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவில் போட்ட கோடு இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்பாசிடரிலிருந்து எச்சரிக்கை விளக்கு வரை

நம் ஊருக்கு வருவோம். என் பெரியப்பா அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். ஹேன்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் ஒரு சாக்குப்பை, அதில் ரெண்டு ஸ்பானர், ஒரு கட்டிங் பிளேயர், எமரி பேப்பர், ஒரு பழைய பிளக். வண்டி மக்கர் பண்ணினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளியை விசிட்டிங் கார்டு வைத்துப் பார்ப்பார். கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவார். ஆனால் கியர் பாக்ஸில் சத்தம் என்றால் கை வைக்க மாட்டார். என்ஜின் போர் பண்ணுவதென்றால் லேத் பட்டறைக்குத்தான். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அந்த வண்டி அப்படி. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்து, 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரானது. பானெட்டைத் திறந்தால் எது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் முதல் வண்டிகளும் கார்புரேட்டர் வண்டிகள்தான். பிறகு புகை விதிகள் கடுமையாக, எரிபொருளை அளந்து தெளிக்கும் வேலையை ஒரு கணினி எடுத்துக்கொண்டது. பாயிண்ட் போச்சு, கார்புரேட்டர் போச்சு. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான சோதனை இணைப்பு கட்டாயமானது. அந்த இணைப்பு இப்போது நம் கார்களிலும் உண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே எங்காவது இருக்கும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் கருவி வாங்கி அதில் செருகினால், என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று மொபைலிலேயே பார்க்கலாம். எங்களை மாதிரி ஆட்களுக்கு அது திருவிழா. அங்கேதான் அடுத்த பள்ளம். பி0171 என்று ஒரு குறியீடு வரும். எரிபொருளை விடக் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம். ஆனால் காரணம் எங்கோ வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருக்கலாம். பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் குறைந்திருக்கலாம். நிரலில் பிழைச்செய்தி வருகிற வரியும், பிழை இருக்கிற வரியும் வேறு வேறு என்பது எனக்கு ஆபீஸில் தினமும் நடக்கிற கதை. அப்படியிருந்தும், காரில் அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் சென்சார் விலையைத்தான் முதலில் தேடினேன்.

யார் போட்ட கோடு?

இதுவரை சொன்னது நாமே போட்டுக்கொள்ளும் எல்லை. நம் மேல் போடப்படும் எல்லையும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவல்களை மற்ற பட்டறைகளுக்கும் உரிமையாளர்களுக்கும் தர வேண்டும் என்று 2012-ல் மக்கள் வாக்களித்தார்கள். இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தினார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

இந்த வழக்கில் கம்பெனிகள் சொன்ன வாதங்களில் ஒன்று பாதுகாப்பு. பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் ஆபத்து என்பது. இது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். ஏர்பேக் வயரில் கை வைப்பது ஆபத்துதான். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவது ஆபத்துதான். ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிற கேபிள் உயிரையே எடுக்கும். ஆனால் அதே பாதுகாப்பின் பெயரைச் சொல்லி ஒரு ஃபில்டரையும் ஒரு பல்பையும் பூட்டி வைக்கலாம். எல்லையைப் போட வேண்டியவர், அந்த எல்லையால் லாபம் பார்ப்பவராக இருக்கக் கூடாது. ஹேன்ஸின் ஸ்பானர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணமும் அதுதான். 'இதைச் செய்யாதே' என்று சொல்வதால் அவருக்குப் பைசா லாபமில்லை.

இப்போது நான் செய்வது

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த நாள், எங்கள் தெரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்கீங்க சார்"னார். அப்புறம், "நானும் கத்துக்கிட்டப்போ ஒரு தடவை பெடல் அடிக்காம வண்டியை எடுத்துட்டேன். ஓனர் பக்கத்துல நின்னு ஹேண்ட் பிரேக்கைப் போட்டாரு. உங்களுக்குப் பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. படித்ததை எல்லாம் விட அதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அறிவு மட்டும் இல்லை. அவர் தன் முதல் தப்பைப் பண்ணும்போது, அதைப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தார். வீடியோவோ புத்தகமோ கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுக்காது.

இப்போதும் ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, வைப்பர், பல்பு, பிளக் எல்லாம் நான்தான் மாற்றுகிறேன். குறியீட்டைப் படிக்கிறேன், ஆனால் பாகம் வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டுகிறேன். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் கையை விடுகிறேன். ஏர்பேக், ஸ்பிரிங், டைமிங் பெல்ட் பக்கம் போவதில்லை.

பிரேக் பேடை மறுபடி ஒரு முறை மாற்றினேன். ஒரு சனிக்கிழமை மதியம், அவர் பட்டறையில், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்க்க. பூட்டி முடித்து சீட்டில் ஏறினதும் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் பெடலை மிதிப்பதை எண்ணினார். ஆறாவது மிதியில் கெட்டியாச்சு. அதுக்கப்புறம்தான் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.